மலருக்கும் கொடிக்கும் நடுவில்

மூச்சை விட்டால் போச்சு. குருசாமி விடவில்லை. இடது கைச் சுண்டுவிரல் தானாக எழும்பி நின்றுகொண்டது, வீட்டில் நிற்கிற மாதிரியே. சாத்தூரில் அவன் வீட்டில் இந்த விரல் எழும்பினால் மிக்ஸி ஓடாது, பாத்திரம் உருளாது, பெண்டாட்டி மலர்க்கொடி எந்த இடத்தில் இருக்கிறாளோ அந்த இடத்திலேயே அசையாமல் நிற்பாள். விரல் இறங்கின பிறகுதான் "இப்பப் பேசலாமா?" என்று கேட்பாள். ஆனால் இது வீடில்லையே. இது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஹால். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஐம்பது பேரும் இருமுகிறார்கள், செல்போனில் கத்துகிறார்கள், இவன் விரலை எவன் மதிக்கிறான்? இரும்பு நாற்காலிகளை வேறு மூன்று மூன்றாகச் சேர்த்து அடித்து வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள், அந்தக் கோடியில் ஒருத்தர் உட்கார்ந்தால் இந்தக் கோடியில் இருக்கிறவனுக்குத் தூக்கிப் போடுகிறது. அதனால்தான் எழுந்து வந்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தான். வலது கண்ணில் வாட்ச் கடைக்காரர்கள் மாட்டுகிற லென்ஸ். வலது கையில் மருந்துக் கடையில் வாங்கின பதினொன்றாம் நம்பர் ஆபரேஷன் பிளேடு. இடது கையில் பென்சில், மரத்தைச் சீவித் தள்ளிவிட்டதில் கருப்பு லெட்டு மட்டும் ஒரு விரற்கடைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற பென்சில். அந்த லெட்டில், அரிசி மணியில் பாதி உயரத்துக்கு அவள் பேர். ம வந்தாயிற்று, ல வந்தாயிற்று, ர வந்தாயிற்று, கொ முடிந்தது, டி பாதியில் நிற்கிறது. பேருக்குச் சொந்தக்காரி பதினொன்றேகாலுக்கு ஏழாம் நம்பர் அறைக்குள் போனாள். உள்ளே ஒரு வரிசை இருக்கிறதாம், அந்த வரிசைக்குள் இன்னொரு வரிசையாம். இன்னும் வெளியே வரவில்லை.

"நீங்க வெளிய இருங்க" என்றாள் போகும்போது. "உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால அதைக் கேக்க முடியாது." அப்படி என்ன முகம் இவன் முகம்? காலையில் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தான், பரீட்சைக்குப் படிக்காமல் போகிறவன் முகம் மாதிரிதான் இருந்தது. அவள் முகம்தான் தெளிவாக இருந்தது, திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்து வாய்க்குள் பிழை திருத்திக்கொண்டே வந்தாள். பத்து நாளைக்கு முன்னால் இடது மார்பில் ஊசியை விட்டுத் துளிச் சதை எடுத்து அனுப்பினார்களே, அதன் முடிவு இன்றைக்கு. நல்ல கட்டியா, கெட்ட கட்டியா. அவ்வளவுதான் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாளோ என்னவோ, இவன் பென்சிலுக்கு நேர்ந்துகொண்டான். சிரிக்காதீர்கள். மனுஷனுக்கு எது கைவருமோ அதை வைத்துத்தானே கெஞ்ச முடியும். அவள் வெளியே வருவதற்குள் பேர் முடிய வேண்டும், உடையாமல் முடிய வேண்டும், புள்ளி நிற்க வேண்டும். நின்றால் நல்ல கட்டி. உடைந்தால், உடையாது, அதை நினைக்காதே. நினைத்தால் கை நினைத்துவிடும். மூன்று நாளாக இதே பேச்சைத் தனக்குத் தானே பேசிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பியூரெட்டும் பிப்பெட்டும் கழுவுகிற ஆய்வக உதவியாளர் வேலையை வேறொருத்தர் தலையில் கட்டிவிட்டு, உட்கார்ந்து செதுக்குகிறான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பேரை ஒரு தடவைகூட எழுதினதில்லை என்பது பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. ரேஷன் கார்டு, கேஸ் புக், எல்லா மனுவும் அவள்தானே எழுதுவாள். கூப்பிடுவது மலரு. கோபம் வந்தால் ஏய். பிழை வந்துவிடக் கூடாதே என்று வீட்டில் ஆஸ்பத்திரி ஃபைல் அட்டையை எடுத்து எதிரே சாத்தி வைத்துக்கொண்டு, கவுண்ட்டர்காரப் பெண் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்ததை எழுத்தெழுத்தாகப் பார்த்து லெட்டில் கோடு கீறினான். ஐந்து எழுத்து. அதில் ஒரே ஒரு புள்ளி. ர்.

அந்த ஒரு புள்ளிதான் சனியன். மற்ற எழுத்தெல்லாம் கீழே ஒரு கோடாக லெட்டையே தரை மாதிரி விட்டு அதன் மேல் நிற்கும். புள்ளி எதன் மேல் நிற்கும்? காகிதத்தில் அந்தரத்தில் நிற்கலாம், லெட்டில் நிற்க முடியுமா? எழுத்தின் தலையிலிருந்து ஒரு மயிரிழைக் காம்பு விட வேண்டும், காம்பின் நுனியில் உருண்டை. கடுகை நாலாகக் கிள்ளினால் ஒரு துண்டு என்ன இருக்குமோ அது. காற்றே போதும், உடைந்துவிடும். அதனால் தமிழில் பென்சில் செதுக்குகிற ஒருத்தனும் புள்ளி வைப்பதில்லை, குருசாமியும் வைத்ததில்லை. மாவட்டங்களின் பேரையெல்லாம் செதுக்கினானே, திருநெலவேலி, விருதுநகர, எவனாவது கேட்டானா? படிக்கிறவன் மனசுக்குள் புள்ளி வைத்துப் படித்துக்கொள்கிறான். கேட்டவள் ஒருத்திதான். கல்யாணமான புதிது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அப்போதே புரூப் பார்க்கிற வேலை அவளுக்கு, காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட கைடு. "என் பேரை ஒண்ணு செதுக்கித் தாங்களேன்" என்றாள். "உன் பேர்ல புள்ளி வருது மலரு, நிக்காது. புள்ளி இல்லாமச் செஞ்சு தரட்டா?" "புள்ளி இல்லாட்டி அது என் பேரே இல்ல." "அந்தக் காலத்துல ஓலைச்சுவடியிலயே புள்ளி வைக்க மாட்டாங்களாம், தெரியுமா?" எங்கேயோ படித்ததை எடுத்து விட்டான். அவள் சளைக்கவில்லை. "ஓலை கிழிஞ்சிரும்னு வைக்கல. வைக்கத் தெரியாம இல்ல. என் பேருன்னு வந்தா வச்சுத்தான் தரணும்." சரி, அப்புறம் பார்க்கலாம் என்றான். குருசாமி என்கிற பேரில் ஒரு புள்ளி கிடையாது பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் செதுக்கிவிடலாம். தன் பேரை நாற்பது தடவை செதுக்கியிருப்பான். அப்புறம் பார்க்கலாம் என்பது இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது.

"என்ன தம்பி, பென்சிலா சீவுறீங்க?" திடுக்கென்றது. பிளேடு கையிலிருந்து நழுவாமல் நின்றதே பெரிய காரியம். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் சாப்பாட்டுக் கூடை, ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "பேனா வேணும்னா என்கிட்ட இருக்கு. அந்த ஃபாரம் நிரப்பத்தானே?" இல்லம்மா, பேர் செதுக்குறேன் என்றான். "பேரா? அதுலயா? எனக்கு ஒண்ணும் தெரியலையே." லென்ஸைக் கழற்றிக் கொடுக்கலாம், கொடுத்தால் அவள் கை பட்டுவிடும், பட்டால் முடிந்தது. "கண்ணுக்குத் தெரியாததை எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்பட்டுச் செய்யிறீங்க?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கூடைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள், பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எதுக்கு? நியாயமான கேள்விதான். கண்ணுக்குத் தெரியாததைச் செய்து செய்து, கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்காமல் விட்ட ஆள் நான்தானம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். டி எழுத்தின் மேல்சுழியை உள்பக்கமாகக் குடைந்தான். கருப்புத் தூள் உதிர்ந்தது. வாயால் ஊதக் கூடாது, பெயின்ட் பிரஷ்ஷின் ஒரே ஒரு மயிரால் தள்ள வேண்டும். தூள் வேட்டியில் விழுந்தது. மூச்சு விட்டான். பன்னிரண்டு ஐந்து. ஏழாம் நம்பர்க் கதவு திறந்தது, யாரோ ஒரு நர்ஸ், கதவு மூடியது.

பட்டாணி. ஐயோ, அந்தப் பக்கம் போகாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் மனசு அங்கேதான் போகிறது, பல்லில் மாட்டிக்கொண்டதை நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி. தை மாசம். குடியரசு தினத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. கலெக்டர் பேரை ஒரு பென்சிலில் செதுக்கி மேடையில் கொடுப்பதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், பேப்பர்காரர்கள் வருகிறார்கள், சாதனைச் சான்றிதழ் தருகிறவர்கள் வருகிறார்கள். இவன் கடைசி எழுத்தில் இருக்கிறான். மூச்சைப் பிடித்திருக்கிறான். விரல் எழும்பி நிற்கிறது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாள். விரலைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பேசினாளா? இருபத்திரண்டு வருஷத்தில் விரல் நிற்கும்போது அவள் பேசினது அந்த ஒரு தடவைதான். "ஏங்க, இந்தப் பக்கம் பட்டாணி மாதிரி ஒண்ணு…" "ஸ்ஸ்" என்றான். அவ்வளவுதான். ஸ்ஸ். நாயை விரட்டுகிற மாதிரி ஒரு ஸ்ஸ். கொஞ்ச நேரம் நின்றாள், ஈரத் தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுகிற சத்தம்கூட இவனுக்குத் தொந்தரவாக இருந்தது, அதற்கும் புருவத்தைச் சுளித்தான், போய்விட்டாள். விரல் இறங்கின பிறகு, இப்பப் பேசலாமா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. இவனும் கேட்கவில்லை. சாயங்காலம் நினைவு வந்தது, என்னவோ பட்டாணி என்றாளே என்று. என்ன செய்தான் தெரியுமா இந்த மேதை? மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ பச்சைப் பட்டாணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். "இந்தா, கேட்டியே." அவள் பையை வாங்கிப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். உட்கார்ந்து அத்தனையையும் உரித்து, ராத்திரி சப்பாத்திக்குக் குருமா வைத்தாள். நன்றாக இருக்கிறது என்று இவன் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். சாப்பிட்டானே, பாவி.

கலெக்டர் லென்ஸை வைத்துப் பார்த்து "பிரமாதம்" என்றார். சால்வை போட்டார்கள். பீரோவில் பதினோராவது சால்வை. அந்தப் பென்சில் இப்போது எங்கே கிடக்கிறதோ, எந்த மேஜை டிராயரில் எத்தனை துண்டாகக் கிடக்கிறதோ. பட்டாணி மட்டும் வளர்ந்தது. ஐந்து மாசம். அவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. துணி மாற்றும்போது கை உயர்த்தினால் சுளிப்பாள், கேட்டால் சுளுக்கு என்பாள், இவனும் தைலம் எடுத்துக் கொடுத்தான். வலித்த பிறகுதான் வந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மாடியில், இதே ஏழாம் நம்பரில், படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அந்த டாக்டரம்மா "இந்தப் புள்ளி தெரியுதுல்ல, இதுதான்" என்றார். புள்ளி என்றார். கருப்பில் வெள்ளையாக, ஓரம் பிசிறுபிசிறாக ஒரு புள்ளி. "எப்பத்திலேர்ந்து இருக்கு?" தை மாசத்திலேர்ந்து என்றாள் மலர்க்கொடி. "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க? வீட்டுல சொல்லலியா?" அவள் இவன் பக்கம் திரும்பவே இல்லை. "சொன்னேன். அவங்க வேலையா இருந்தாங்க." அவ்வளவுதான் சொன்னாள், குறை சொல்கிற குரலே இல்லை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அந்த நிமிஷத்தில்தான் இவனுக்குப் பட்டாணி என்றால் என்ன என்று புரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் தாராளமாகத் திட்டியிருக்கலாம். உன் பென்சிலைக் கொண்டுபோய் அடுப்பில் வை என்று சொல்லியிருக்கலாம். திட்டினால் ஆறியிருப்பான். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்து, இவன் செதுக்கல் மேஜையைத் துடைத்து வைத்தாள்.

"காலைத் தூக்குங்க சார்." துடைப்பான் வந்துவிட்டது. ஃபினாயில் வாடை. "ஒரே ஒரு நிமிஷம்மா" என்றான். "எல்லாரும் ஒரு நிமிஷம்தான் சொல்றாங்க, நான் எப்பத் துடைச்சு எப்ப முடிக்கிறது?" அந்தப் பெண் சொல்வதும் சரிதான். பென்சிலை மார்போடு அணைத்துக் காலைத் தூக்கிக்கொண்டான், துடைப்பான் ஜன்னல் சுவரில் ஒரு முட்டு முட்டியது, முட்டு முதுகெலும்பு வழியாக வந்து கை வரைக்கும் ஓடியது. போச்சு. கண்ணைத் திறக்கப் பயம். பத்து எண்ணினான். லென்ஸ் வழியாகப் பார்த்தான். ம நிற்கிறது. ல நிற்கிறது. ர நிற்கிறது, அதன் தலையில் புள்ளிக்காக விட்டு வைத்திருக்கிற கட்டி நிற்கிறது. கட்டி என்று ஏன் நினைத்தாய்? வேறு வார்த்தையா இல்லை? உருண்டை. உருண்டை நிற்கிறது. அதை இன்னும் சீவ வேண்டும், காம்பை மெலிதாக்க வேண்டும். எவ்வளவு எடுக்க வேண்டுமோ அவ்வளவு எடுக்க வேண்டும், ஒரு தூசி அதிகமாக எடுத்தால் எல்லாம் போய்விடும். இதே பதினொன்றாம் நம்பர் பிளேடைத்தானே அவர்களும் வைத்திருப்பார்கள். மருந்துக் கடைக்காரன் கேட்டானே, ஆபரேஷனுக்கா சார் என்று. இல்லப்பா, கலைக்கு என்று பெருமையாகச் சொன்னானே. வாயைக் கழுவ வேண்டும்.

புள்ளியைத் தொடுவதற்கு முன்னால் இன்னொரு நினைப்பு வந்து காலை வாரியது. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குத் தமிழ் வாத்தியார் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுப்பது ஆய்வகம் வரைக்கும் கேட்கும். புள்ளி வைத்தால் மெய்யெழுத்து. மெய் என்றால் உடம்பு. உயிர் வந்து சேர்ந்தால் புள்ளி போய்விடும். ர் வெறும் உடம்பு, ர உயிரோடு இருக்கிற உடம்பு. தினமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சங்கதி, இன்றைக்கென்று பயமுறுத்துகிறது. அப்படியானால் இவன் எதை நிற்க வைக்கப் பார்க்கிறான்? உயிர் போன அடையாளத்தையா? புள்ளியைச் சீவித் தள்ளிவிட்டால் என்ன? மலர. பூ மலர, முகம் மலர. அது நல்ல சொல்தானே. அங்கே படத்தில் இருக்கிற புள்ளியும் எடுபட்டுப் போகட்டுமே. ஒரு தள்ளு தள்ளினால் போதும், உருண்டை உதிர்ந்துவிடும், உயிர் வந்துவிடும். பிளேடு நுனியை உருண்டையின் கழுத்தில் வைத்தேவிட்டான். இல்லை, இல்லை. இது தப்பிக்கிற வேலை. புள்ளி வைக்கப் பயந்து ஓலைச்சுவடி என்றாயே, அதே திருட்டுப் புத்தி. புள்ளி இல்லாட்டி அது என் பேரே இல்ல என்றாள். பேரே இல்லாததை வைத்து யாருக்காகக் கெஞ்சுவது? சாமிக்கு அட்ரஸ் தெரிய வேண்டாமா? ஒரு கடிதம் வேறு ஆளுக்குப் போய்விட்டால்? நெற்றியிலிருந்து வேர்வை லென்ஸுக்குள் இறங்கியது. கழற்றித் துடைத்தான். கை நடுங்குகிறது. டீ குடித்திருக்கக் கூடாது, இல்லை, டீ குடித்து நாலு மணி நேரம் ஆயிற்று, டீ இல்லை. பன்னிரண்டு நாற்பது. கதவு திறந்தது. யாரோ ஒரு பெரியவர், கூட்டிப் போகிற மகளைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். எதற்கு அழுகிறார், நல்லதுக்கா கெட்டதுக்கா, ஆம்பளை அழுகையில் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு நல்லது எத்தனை, கெட்டது எத்தனை என்று கணக்கு வைத்தா உள்ளே கொடுக்கிறார்கள்? அவருக்குக் கெட்டதாக இருந்தால் மலருக்கு நல்லதாக இருக்குமா? சீ, என்ன நினைப்பு இது. ஆனாலும் நினைத்தான். அவர் அழுகை கெட்டதுக்காகவே இருக்கட்டும் என்று ஒரு நொடி முழுசாக, மனசார நினைத்தான்.

டி முடிந்தது. எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை, கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. இனிப் புள்ளி ஒன்றுதான். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கையை இடுப்பில் ஒட்டி, பென்சில் பிடித்த கையைத் தொடையில் அழுத்தினான். மூச்சை இழுத்தான், பாதி விட்டான், பிடித்தான். உருண்டையின் வலது பக்கம் ஒரு தொடல். தூள் விழுந்தது. மூச்சு. மறுபடி. இடது பக்கம். காம்பு தெரிய ஆரம்பித்தது, தலைமுடியைவிட மெலிசு. நெஞ்சு அடிப்பது லெட்டில் தெரிகிறது, ஒவ்வோர் அடிக்கும் புள்ளி துடிக்கிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கிற அந்தத் துளி இடைவெளியில்தான் பிளேடை வைக்க வேண்டும். ஒன்று. இரண்டு. இன்னும் மூன்று தொடல் இருக்கிறது, மேலே ஒன்று, முன்னால் ஒன்று, கடைசியாகக் காம்பில் ஒன்று. மூச்சைப் பிடித்தான். சுண்டுவிரல் எழும்பியது.

"ஏங்க."

"ஸ்ஸ்" என்றான் குருசாமி.

மேலே ஒன்று. முன்னால் ஒன்று. காம்பில் ஒன்று. பிளேடை எடுத்தான். நிற்கிறது. லென்ஸுக்குள் ஐந்து எழுத்தும் வரிசையாக நிற்கிறது, ர தலையில் புள்ளி நிற்கிறது, அவன் நெஞ்சு அடிக்கிற அடிக்கு ஆடிக்கொண்டே, விழாமல் நிற்கிறது. "நிக்குது மலரு! புள்ளி நிக்குது!" என்று கத்திவிட்டான், கூடைக்கார அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். லென்ஸைக் கழற்றின பிறகுதான் கண்ணுக்கு முன்னால் சேலையின் கொசுவம் தெரிந்தது, அப்புறம் ஃபைலை மார்போடு அணைத்திருக்கிற கை, அப்புறம் முகம். நின்றுகொண்டிருந்தாள். எந்த இடத்தில் ஸ்ஸ் என்றானோ அந்த இடத்திலேயே, துடைத்த தரையில் ஈரத்தின் மேல். திரும்பவும் சொல்லிவிட்டேனா? இன்றைக்குமா?

"இப்பப் பேசலாமா?" என்றாள்.

"மொதல்ல இதைப் பாரு மலரு. உனக்குத்தான். இதைப் பாத்துட்டுச் சொல்லு" என்று பென்சிலை நீட்டினான். அவள் ஃபைலை இவன் மடியில் வைத்துவிட்டு, லென்ஸை வாங்கிக் கண்ணில் பொருத்தி, பென்சிலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். புரூப் பார்க்கிறவர்கள் நம்மைப் போலச் சொல்லாகப் படிக்க மாட்டார்கள், எழுத்தெழுத்தாகத்தான் படிப்பார்கள். உதடு அசைந்தது. ம. ல. ர். நின்றாள். "புள்ளி வச்சிருக்கீங்க" என்றாள். "ஆமா, வச்சேன்." கொ. டி. திரும்ப முதலிலிருந்து போனாள். உதடு அதே இடத்தில் நின்றது.

"க் எங்க?"

"எந்த க்?"

"மலர்க்கொடி. ர் பக்கத்துலயே க் வரும். ரெண்டு ஒற்று என் பேர்ல. க் எங்கங்க?"

"ஃபைலைப் பாத்துத்தானே…" மடியில் கிடந்த அட்டையைத் திருப்பினான். நீல ஸ்கெட்ச் பேனாவில் மலர்கொடி. அப்படித்தான் இருக்கிறது. அவன் செதுக்கினது மாதிரியே, ஓர் எழுத்துப் பிசகாமல், தப்பு. ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒரேயடியாக ஓடியது. தப்பென்றால், இது இவள் பேர் இல்லையென்றால், இது இவள் ஃபைலே இல்லை! வேறு எவளோ ஒரு மலர்கொடி. இந்தக் கூட்டத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய சதை, அவளுடைய ரிப்போர்ட், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கண் ஹால் முழுக்க ஓடியது, நீலச் சேலை, பர்தா போட்ட அம்மா, தலை குனிந்திருக்கிற ஒரு சின்னப் பெண், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், வெட்கம்கூட வரவில்லை. "மலரு, இது உன்னோடது இல்ல. பேர் வேற. மாத்திக் குடுத்திருக்காங்க. வா, போய்க் கேப்போம், வா" என்று எழுந்து அவள் கையைப் பிடித்தான்.

அவள் வரவில்லை. "வயசு நாப்பத்தேழு" என்றாள். "ஊரு சாத்தூரு. கணவர் பேரு குருசாமி. போன் நம்பர் உங்களோடது. இடது பக்கம்னு போட்டிருக்கு. உள்ள உக்காந்து ரெண்டு தடவை ஒப்பிட்டுப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. ஒற்று ஒண்ணுதான் விட்டுப்போயிருக்கு."

"அதை நீ இன்னைக்குத்தான் பாத்தியா?"

"மொத நாளே பாத்தேன்."

"பாத்துட்டுமா விட்ட? நீயா? தெருவுல போற லாரியில இருக்கிறதைக்கூட விட மாட்டியே."

"திருத்தினா அது நாந்தான்னு ஆயிருமேன்னு விட்டு வச்சேன்" என்றாள். "மூணு வாரமா அந்தப் பிழையைத்தாங்க நம்பிக்கிட்டு இருந்தேன்."

கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஃபைலை ஜன்னல் விளிம்பில் வைத்து, மலருக்கும் கொடிக்கும் நடுவில், கீழே அம்புக்குறி மாதிரி ஒரு செருகல் குறி போட்டு, மேலே சின்னதாகக் க எழுதி, புள்ளியை அழுத்தி வைத்தாள். அட்டை மறுபக்கம் புடைக்கிற அளவுக்கு அழுத்தினாள். காகிதத்தில் இடம் இல்லாவிட்டாலும் செருகிவிடலாம். குருசாமி பென்சிலைப் பார்த்தான், வெறும் கண்ணுக்கு ஒரு கருப்புக் கிறுக்கல், அவ்வளவுதான். இதில் எங்கே செருகுவது? இதில் எடுக்க மட்டும்தான் முடியும். முப்பது வருஷமாக அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை எடுக்கிற வேலை.

"எடுத்துரணும்னு சொல்றாங்க" என்று ஆரம்பித்தாள் மலர்க்கொடி.

சுண்டுவிரல் எழும்பியது. அவன் எழுப்பவில்லை, சத்தியமாக அவன் எழுப்பவில்லை, அது தானாக எழும்பி அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றது. அவள் அந்த விரலைப் பார்த்தாள். வாய் பாதி திறந்தபடி ஒரு நிமிஷம் நின்றாள், பழக்கம். அப்புறம் பேசினாள். இடது பக்கம் முழுசாகவாம். கக்கத்திலும் பரவியிருக்கிறதாம். அதற்கு முன்னால் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டுமாம், அடுத்த புதன்கிழமை வந்து சேர வேண்டுமாம், முடியெல்லாம் கொட்டிவிடுமாம். தை மாசமே வந்திருந்தால் இவ்வளவு இருந்திருக்காதாம், அதையும் விடாமல் சொன்னாள். விரல் நின்றுகொண்டே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.